எங்கள் வீட்டுப் பெண்ணை ஒதுக்கிய ஊர்க் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஊர்க் கமிட்டித் தலைவருக்கும் பெரியவர்களுக்கும்,

சென்ற மாதம் அமாவாசைக்கு மறுநாள் ஏலக்கூடத்தில் கூடி நீங்கள் எடுத்த முடிவைப் பற்றி எழுதுகிறேன். என் நாத்தனாருக்குத் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பக்கத்து ஊர் ஒன்றில் சம்பந்தம் பேசி, பூ வைக்கிற நாள்வரை வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரிக்க வந்தபோது, "அந்த வீட்டில் ஊமைப் பிள்ளை ஒன்று இருக்கிறது, வம்சக் குறை, யோசித்துக்கொள்ளுங்கள்" என்று கமிட்டியிலிருந்தே சொல்லி அனுப்பினீர்கள். சம்பந்தம் நின்றது. அதற்கப்புறம் கூட்டம் போட்டு, அந்த வீட்டுப் பெண்ணை வெளியில் கொடுத்து ஊர்ப் பெயரைக் கெடுக்க வேண்டாம், அவளுக்கு மாமன் மகன் இருக்கிறான், சொந்தத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளட்டும் என்றீர்கள். மீறினால் கோயில் வரி வாங்குவதில்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டீர்கள்.

அந்த மாமன் மகன் என் தம்பி. அந்த "ஊமைப் பிள்ளை" என் மகள்.

கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் நம் ஊரில் இல்லை. காயப்போட்டிருந்த வலைகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் எல்லாவற்றையும் கேட்டேன். என் கணவர் உள்ளே இருந்தார், அவரால் வாய் திறக்க முடியவில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளையைப் பற்றிய பேச்சில் நான்தான் பேசியிருக்க வேண்டும். அன்று முடியாததை இன்று எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. என் மகளுக்குக் காது கேளாதது பரம்பரையாக வந்ததுதான். நாங்கள் அதை யாரிடமும் மறைக்கவில்லை. மாப்பிள்ளைப் பையனிடம் என் நாத்தனாரே முதலில் சொன்னாள். அவள் நர்சிங் படித்தவள். தாளில் படம் போட்டே விளக்கியிருக்கிறாள். "சரி, ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்வோம்" என்று அவரும் ஒத்துக்கொண்டார். அவர்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்ததைத்தான் நீங்கள் கலைத்தீர்கள். கலைத்த பிறகு காட்டிய வழி அதைவிட மோசம். எந்தக் கல்யாணத்தில் ஆபத்து குறைவோ அதைத் தடுத்துவிட்டு, எதில் அதிகமோ அதை நடத்தச் சொல்கிறீர்கள்.

எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது கோயில் திருவிழாவில் பக்கத்திலேயே வேட்டு போட்டார்கள். ஊரே காதைப் பொத்திக்கொண்டது, அவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல தூக்கம் தூங்குகிற பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை என்று தெரியவர இரண்டரை வயதாகிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நான்கு வயதில் காதுக்குள் கருவி வைத்தார்கள். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் பேச்சு இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. அந்த வார்த்தை இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை. இப்போது அவள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், பேசுகிறாள், சில எழுத்துதான் குழறும். கடலில் குளிக்கப் போகும்போது காதில் மாட்டும் மிஷினைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சத்தமே இல்லாத தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டே இறங்குவாள். அவள் ஊமை இல்லை. இந்தச் சொல்லை இனி யாரும் அவள் காதுபடச் சொல்ல வேண்டாம். அவளுக்கு இப்போது கேட்கும்.

கேட்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து ஊர் என்னைத்தான் பார்த்தது. வயிற்றில் பிள்ளையோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று கடல்பாசி எடுத்தாள், அதனால்தான் என்றார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றார்கள். என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை, என்னைத் தூக்கி வளர்த்தவர். அவரே ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் அதை நம்பினேன். இரண்டாவது பிள்ளை உண்டானபோது ஏழு மாதம் கடலில் காலே வைக்கவில்லை, பாசிக் குழுவில் என் பங்குப் பணம் முழுக்கப் போனது. பையன் பிறந்தான், அவனுக்கு நன்றாகக் கேட்கிறது. "பார்த்தாயா, தண்ணீரில் இறங்காததால்தான்" என்றார்கள். அதுவும் தப்பு என்று பிற்பாடு தெரிந்தது.

மதுரையில் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்தபோதுதான் எல்லாம் விளங்கியது. நம் உடம்பை எப்படிக் கட்ட வேண்டும் என்கிற எழுத்து ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இருக்கிறது. 46 குரோமோசோம்களில், ஏறக்குறைய 20,000 மரபணுக்களாக. 23 குரோமோசோம் அப்பாவிடமிருந்து, 23 அம்மாவிடமிருந்து. அதனால் அநேகமாக எல்லா மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும். இரட்டை எஞ்சின் போட்ட படகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்த்துவிடும். கரையில் நிற்பவருக்கு ஓர் எஞ்சின் பழுது என்றே தெரியாது. நானும் என் கணவரும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. இரண்டு பேரிடமும் ஜிஜேபி2 என்ற மரபணுவில் ஒரு பிரதி பழுது. மகளுக்கு எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் பழுதான பிரதியே போயிருக்கிறது.

அந்த மரபணுவின் வேலையையும் சொல்கிறேன். தெரிந்தால் என் மேல் சொன்ன பழி எவ்வளவு வெறுமையானது என்று உங்களுக்கே புரியும். காதுக்குள்ளே சங்கு மாதிரிச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. ஒலி அங்கே போய்த்தான் மூளைக்குப் போகும் சேதியாக மாறும். அதற்கு அங்குள்ள உயிரணுக்களுக்கு இடையே பொட்டாசியம் என்ற உப்பு ஓயாமல் போய்த் திரும்ப வேண்டும். உயிரணுவுக்கும் உயிரணுவுக்கும் நடுவே அதற்கென்று மிகச் சிறிய வாசல்கள் உண்டு. அந்த வாசலைக் கட்டுகிற புரதத்தின் பெயர் கனெக்சின் 26. அதைச் செய்யும் குறிப்புதான் ஜிஜேபி2-இல் இருக்கிறது. இரண்டு பிரதியும் பழுதானால் வாசல் சரியாக அமையாது, ஒலி சேதியாக மாறாது. இந்த மரபணு கெட்டால் பிறவியிலேயே காது கேளாமல் போகும் என்று 1997-இல்தான் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டிலும் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளிடம் இந்தப் பழுதைப் பார்த்திருக்கிறார்கள். கருத்தரித்த நிமிடத்திலேயே இது முடிவாகிவிட்டது. நான் பாசி எடுத்ததற்கும் கிரகணத்துக்கும் இதில் ஒரு வேலையும் இல்லை.

பையனுக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது? தாயம் ஆடியவர்கள்தானே நாம். இரண்டு சோழியைக் குலுக்கிப் போடுங்கள். ஒன்று அப்பா போடுவது, ஒன்று அம்மா போடுவது. குப்புற விழுவது பழுதான பிரதி. இரண்டும் குப்புற விழ வேண்டும், அப்போதுதான் பிள்ளைக்குக் காது கேட்காது. நாலில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் குலுக்கிப் போடுவது, முன்னால் விழுந்தது பின்னால் விழுவதை மாற்றாது. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு, அந்தக் கணக்கும் தப்பு.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மெண்டல் என்ற ஆஸ்திரியத் துறவியைப் பற்றி வருகிறது. கமிட்டியில் இருக்கும் உங்கள் பிள்ளைகளும் அதைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள்தான். உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் அவர் கலந்தார். பிறந்ததெல்லாம் உருண்டையாகவே இருந்தது. அந்த உருண்டைகளை மறுபடி விதைத்துப் பார்த்தால், காணாமல்போன சுருக்கம் திரும்பி வந்தது. 7,324 பட்டாணியில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறத்தாழ நாலில் ஒன்று. 1866-இல் அச்சில் வந்த கணக்கு இது. ஒரு தலைமுறையில் கண்ணில் படாமல் உள்ளே இருந்தது, அடுத்ததில் வெளியே வந்தது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

எங்கள் அப்பத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிறவியிலேயே காது கேட்காது. படகின் பலகையில் உள்ளங்கையை வைத்து எஞ்சின் சரியாக ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார். நீரோட்டம் பார்த்து வலை விட வேண்டிய இடத்தைக் கை காட்டுவார், அவர் காட்டிய இடத்தில்தான் வலை விடுவார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்து ஊர்ப் பெரியவர்கள் யாரும் அவரைக் காரணம் காட்டி அப்பத்தாவின் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் என் அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை, நானும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது கமிட்டியில் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேருக்கு அவர் சொந்தத் தாத்தா முறை. வம்சக் குறை என்று எங்கள் வீட்டைக் காட்டிய விரல்கள் அந்த வம்சத்து விரல்கள்தான். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நாலைந்து தலைமுறையாக நமக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்திருக்கிறோம், எங்கள் ஒரு வீட்டைச் சுற்றி மட்டும் கோடு போட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நீங்கள் சொன்ன சம்பந்தத்துக்கு வருகிறேன். நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை. என் அப்பாவும் என் கணவரின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். பழுதான பிரதி அப்பத்தாவிடமிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் வந்து, அப்பா வழியாக எனக்கும் அத்தை வழியாக அவருக்கும் வந்திருக்கிறது. குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னது இது. அப்படியென்றால் அத்தையின் மகளான என் நாத்தனாரிடம் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் அப்பாவின் மகனான என் தம்பியிடமும் பாதிக்குப் பாதி. இரண்டு பேரிடமும் இருக்க நாலில் ஒன்று. அதற்குமேல் பிள்ளைக்கு வர நாலில் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் பதினாறில் ஒன்று. சோதனை செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டு நடத்தினால் அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள வாய்ப்பு இது. இரண்டு பேரும் சுமப்பவர்களாக இருந்துவிட்டால் எங்களுக்கு இருந்த அதே நாலில் ஒன்று. தென்கடல் பையனின் குடும்பத்துக்கும் எங்களுக்கும் நினைவு தெரிந்தவரை சொந்தமே கிடையாது. என் நாத்தனார் அந்தப் பிரதியைச் சுமந்தாலும், அந்தப் பையன் சுமக்காதவரை இந்தக் காரணத்தால் அவர்கள் பிள்ளைக்குக் காது கேளாமல் போகாது. எந்தக் கதவை அடைத்து எந்தக் கதவைத் திறந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

என் தம்பியும் நாத்தனாரும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள். அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். அவர்களிடம் ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை.

சொந்தத்தில் கட்டுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நானே அப்படிக் கட்டியவள், நல்ல மனிதரோடு வாழ்கிறேன். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பெண்ணாவது சொந்தத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று அரசுக் கணக்கெடுப்பே சொல்கிறது. பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை வரும் என்றால், முறைப்பையன் முறைப்பெண் கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். மனிதராகப் பிறந்த எல்லாருமே இப்படி ஏதோ சில பழுதான பிரதிகளைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். சொந்தம் இல்லாதவரிடம் அதே பழுது இருப்பது அபூர்வம். ஒரே தாத்தா பாட்டியின் பேரன் பேத்திகளிடம் அதே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். விஷயம் அவ்வளவுதான். ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு வெளிப்பட்ட குடும்பத்தில் மறுபடியும் அதே சொந்தத்துக்குள் கட்டச் சொல்லும்போதுதான் எனக்குப் பதறுகிறது.

வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், மிதவை கட்டிப் பாசி வளர்ப்பவர்களுக்கு 2013, 2014 மறக்காது. தண்ணீர் சூடாகி, கயிறு கயிறாகப் பாசி வெளுத்து உதிர்ந்தது. நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை, பழைய பாசியிலிருந்து துண்டு வெட்டிக் கட்டுகிறோம். அதனால் எல்லாக் கயிற்றிலும் இருந்தது ஏறத்தாழ ஒரே செடி. ஒன்றால் தாங்க முடியாததை மற்றதாலும் தாங்க முடியவில்லை. அந்த வருடங்களில் எங்கள் குழு கடனில் விழுந்தபோது, வேறு கடலிலிருந்து புது விதைப்பாசி வேண்டும் என்று அதிகாரிகளிடம் கேட்கச் சொன்னதும் இதே கமிட்டிதான். பாசிக்குப் புரிந்தது பிள்ளைகளுக்கும் புரியும் என்று நம்புகிறேன்.

என் மகள் பிறந்திருக்கக் கூடாது என்பதற்காக இதையெல்லாம் எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிறந்த வாரமே காதைச் சோதித்திருப்போம். அந்த இரண்டரை வருடம் அவளுக்கு மிஞ்சியிருக்கும். வேட்டுச் சத்தத்தில் தூங்கியதைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்க மாட்டேன். தெரிந்துகொள்வதால் கிடைப்பது இதுதான்.

இன்னொரு பயமும் இருக்கிறது. மரபணுச் சோதனை என்று ஒன்று இருப்பது தெரிந்ததும், நாளை எந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் வந்தாலும் ரிப்போர்ட்டைக் காட்டு என்று கேட்க ஆரம்பித்துவிடுவீர்களோ என்று நினைக்கிறேன். ஆண்பிள்ளையை யாரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பழுதில் ஆண் பெண் பேதம் கிடையாது. என் கணவர் கொடுத்த பிரதி இல்லாமல் நான் கொடுத்தது மட்டும் எதையும் செய்திருக்காது. ஆனாலும் ஊர் என்னைத்தான் பார்த்தது, அவரை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ரிப்போர்ட் அந்த இரண்டு பேருக்கும் டாக்டருக்கும் உரியது. கமிட்டி நோட்டில் அதற்கு இடம் இல்லை.

ஆகவே நான் கேட்பது இவை.

அடுத்த அமாவாசைக் கூட்டத்தில் அந்த முடிவை ரத்து செய்து, எழுதிய நோட்டிலேயே அடித்து மறுபடி கையெழுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டுக் கோயில் வரியை எப்போதும்போல வாங்குங்கள். சம்பந்தத்தைக் கலைக்கச் சேதி சொல்லி அனுப்பியது கமிட்டி. அதே கமிட்டியிலிருந்து இரண்டு பேர் அந்தத் தென்கடல் ஊருக்குப் போய், நாங்கள் தெரியாமல் சொல்லிவிட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவர்கள் என்ன முடிவு எடுத்தாலும் அது அந்த இரண்டு குடும்பத்தின் விஷயம். என் நாத்தனாரையும் என் தம்பியையும் சேர்த்து யாரும் இனிப் பேச வேண்டாம்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, ஆண்கள் பெரும்பாலும் கரையில் இருப்பார்கள். அந்த நாட்களில் மரபணு ஆலோசனை தெரிந்த டாக்டர் ஒருவரை ஊருக்குக் கூப்பிட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரு நாள் ஏற்பாடு செய்யுங்கள். செலவில் ஒரு பங்கைப் பாசிக் குழுப் பெண்கள் நாங்கள் ஏற்கிறோம்.

நம் பெண்களுக்குப் பிரசவம் நடக்கும் அரசு மருத்துவமனையில், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் காது கேட்கும் சோதனை செய்ய வேண்டும் என்று கமிட்டி லெட்டர்பேடில் மனு எழுதுங்கள். காதில் சிறு கருவி வைத்துச் சில நிமிடத்தில் முடிகிற சோதனை அது, ஊசி கிடையாது. வடகடல், தென்கடல் ஊர்க் கமிட்டிகள் எல்லாம் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுக்க வேண்டும். மனுவை எழுதித் தர என் நாத்தனார் தயாராக இருக்கிறாள்.

யாருடைய மரபணு ரிப்போர்ட்டையும் கமிட்டி கேட்காது, கூட்டத்தில் பேசாது என்று தீர்மானம் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த கூட்டத்துக்கு நானும் என் நாத்தனாரும் என் மாமியாரும் வருகிறோம். வலைப்பக்கம் நிற்க மாட்டோம். உள்ளே எங்கள் மூன்று பேருக்கும் நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட பாசிக் குழுப் பெண்